மூடியில் எழுதிய கிழமை

இது ஊர் பார்க்கப் போன பயணமல்ல. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் உடம்பில் ஃபோலேட் என்ற சத்தைத் தடுக்கும். அதைச் சாப்பிடுகிறவர்களுக்குப் பாக்டீரியாத் தொற்று கூடுகிறதா என்று திருவனந்தபுரத்து மருத்துவமனை ஒன்றில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். என் அக்கா செல்வி அதில் சேர்ந்திருந்தாள். மாதாமாதம் அவள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க நான் துணைக்குப் போவேன். 2006 மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை அப்படித்தான் கிளம்பினோம்.

நாகர்கோவிலில் 5.40 பஸ். 68 கிலோமீட்டர், முப்பத்தொரு ரூபாய். (தூங்கலாம் என்று நினைக்காதீர்கள், சாலை விடாது.) அக்காவுக்குக் குதிகாலில் செருப்பு கடித்து எட்டு நாளாகியிருந்தது. துணியை விலக்கிக் காட்டினாள். குழியே விழுந்திருந்தது, ஆனால் சிவப்பில்லை, வீக்கமில்லை, சீழில்லை. ஊறிய அவல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. நான் குனிந்து மறுபடி பார்த்தேன்.

"காய்ச்சலும் இல்ல, வலியும் இல்ல. எதுக்கு மக்கா பயப்படுக?" என்றாள்.

எட்டு மணிக்குத் தம்பானூர் பஸ் நிலையம். காபி குடித்து அவள் வைத்த டம்ளரின் விளிம்பில் ரத்தம். வாயெல்லாம் புண்ணாம், சூடுதானாம்.

ஆட்டோவுக்குப் பதினெட்டு ரூபாய். ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் பாறசாலைக்காரி, வாய் ஓயாமல் பேசுவாள். புண்ணைப் பார்த்ததும் பேச்சைப் பாதியில் விட்டுக் கையை நீட்டினாள். "மாத்திரைய எடுங்க சேச்சி."

அக்கா இரண்டு ஃபிலிம் ரோல் டப்பாக்களை எடுத்தாள். அது என் ஏற்பாடு. பன்னிரண்டு நாள் முன்பு விழிஞ்ஞம் போனபோது, சுமை குறையட்டுமென்று மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துப் போட்டு, மூடிகளில் 'தினம்', 'புதன்' என்று எழுதியிருந்தேன். இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை. தினமும் சாப்பிட வேண்டியது ஃபோலிக் ஆசிட். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறைதான்.

நர்ஸ் தன் அலமாரியிலிருந்த அட்டையோடு ஒத்துப் பார்த்தாள். "மூடி மாறிப்போச்சல்லோ!" 'தினம்' என்ற டப்பாவில் இருந்தது மெத்தோட்ரெக்சேட்.

ரத்தத்தில் வெள்ளையணு ஏறக்குறைய இல்லை. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "சீழ் வைக்க, காய்ச்சல் வரவைக்க உடம்புல ஆளில்ல. கிருமி மட்டும் உண்டு. பிழைப்பாங்களான்னு இப்போ சொல்ல முடியாது."

அந்த மருந்தை முறிக்கும் ஃபோலினிக் ஆசிட் ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் ஏறின. அக்கா கட்டிலில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, குழி மட்டும் சத்தமில்லாமல் ஆழமாகிக்கொண்டே போனது. அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆறாம் நாள் காய்ச்சல் அடித்தது. புண் சிவந்து சீழ் வைத்தது. சண்டை போட ஆள் வந்தாச்சென்று நர்ஸ் கைதட்டினாள், நான் அழுதுவிட்டேன்.

இந்த மருந்து சாப்பிடுகிறவர்களோடு பயணம் போகிறீர்களா? மாத்திரையை அட்டையோடு எடுத்துப் போங்கள், இரண்டு விரல் இடம்தான் அடைக்கும். காய்ச்சல் இல்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை வரிசை ஒன்பதுக்குள் நீண்டுவிடும்.

மூடியைத் தான்தான் மாற்றிப் போட்டதாக டாக்டரிடம் அக்கா சொன்னாள், அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயே திறக்கவில்லை. மடங்கிப்போன அவள் விரல்களுக்கு அந்த மூடி திறக்காது. தினமும் காலையில் திறந்து, மாத்திரை கொடுத்து, மூடி வைத்தது நான்.