ஒரு கியருக்கான கம்பி

கியர் வெட்டும் உருக்குக் கம்பியைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுவர அனுமதி கேட்டால், பதினான்கு நாளில் பதில் தரவேண்டும் என்பது விதி.

இன்று சூடான இரும்பில் தேங்காயெண்ணெய் பட்ட மணம் என்னைத் தேற்றாத்தீவில் அப்பாவின் கடைசல் பட்டறைக்கு இழுத்துப் போனது. அங்கே அவர் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் தேய்ந்த கியரை ஈரக் களிமண்ணில் அழுத்தி, பதிந்த பற்களை எண்ணுவார், சிறுவனான நானும் எண்ணுவேன், இருவர் கணக்கும் ஒருநாளும் ஒத்துவராது, ஆனாலும் அவர் வெட்டிய கியர் ஓடும். எப்படியென்று இன்றும் விளங்கவில்லை.

பட்டறையைச் சுனாமி கொண்டுபோனது. மணலிலிருந்து தோண்டியெடுத்த கடைசல் இயந்திரத்தில் ஒரு கியராவது செய்துவிட்டால் தொழில் மீளும் என்றிருந்தார். அதற்குள், 2006இல், மறுபடி சண்டை; கம்பிக்கும் அனுமதி வேண்டியதாயிற்று.

"கம்பிய வைக்கோலுக்குள்ள வச்சுக் கொண்டாவன், மனே."

"அது பிழை, அப்பா. விண்ணப்பம் போட்டிருக்கன்."

"உன்ட விண்ணப்பம் வயல் உழுமா?"

காத்திருந்தே கண்ணை மூடினார். என் நடைமுறையில் ஒரு குறையுமில்லை. பிழை எங்கே என்றுதான் தெரியவில்லை. அவர் பெயருக்கே அனுமதி வந்தது, போர் முடிந்தபின், 2009 ஓகஸ்ட் 3ஆம் திகதி.