கோபத்தில் சேர்ந்த படிப்பு

நர்ஸ் வேலை கிடைத்த சில வாரங்களில் எங்கள் சபைப் போதகர் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். மாத்திரைப் பழக்கத்திலிருந்து ஆண்டவர் என்னை எப்படி விடுவித்தார், நோயாளிகளுக்குச் சேவை செய்ய எப்படி அழைத்தார் என்று சபைக்கு முன்னால் சொன்னால் வாலிபப் பிள்ளைகளுக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்றார். சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா, சரி என்று சொல்லச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

"ஐயா, நான் நன்றியில படிக்கப் போகல. கோபத்துல போனேன். அதைச் சொல்லட்டுமா?"

அவர் டீயைக் குடித்து முடித்து, அவசரமாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

எங்களுக்குக் கல்லாவிப் பக்கம். பிளஸ் டூ முடித்ததும் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். செல்போனுக்குள் போகிற சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்துகிற வேலை. ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். மாதவிடாய் நாட்களில் இடுப்பு தனியாகக் கழன்று விழுந்துவிடும் போலிருக்கும். அப்போதும் உட்காரக் கூடாது. ஃபர்ஸ்ட் எய்டு அறைக்குப் போனால் எங்கே வலிக்கிறது என்றுகூடக் கேட்க மாட்டார்கள். உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்து, "போட்டுட்டு லைனுக்குப் போ" என்பார்கள். வாசலில் எனக்குப் பின்னால் எப்போதும் நாலைந்து பெண்கள் நிற்பார்கள்.

அந்த மாத்திரை வலியோடு நிற்கவில்லை. சூப்பர்வைசரின் கத்தலையும் ஹாஸ்டல் நாற்றத்தையும் கொஞ்ச நேரத்துக்குத் தூரமாகத் தள்ளி வைத்தது. சில மாதங்களில் அது போதாமல் போயிற்று. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் இருந்த மெடிக்கலில் இன்னும் பலமானது கேட்டேன். டாக்டர் சீட்டு எங்கே என்று அந்த ஆள் கேட்கவே இல்லை. "கம்பெனிப் பொண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எடுத்துக் கொடுத்தான். என் பழக்கத்துக்கு நான்தான் பொறுப்பு என்று பின்னால் எனக்கு ஆலோசனை சொன்ன அத்தனை பேரும் சொன்னார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆளைக் கூப்பிட்டு யாராவது இதே வார்த்தையைச் சொன்னார்களா?

ஒரு காலை ஷிஃப்டுக்குப் போகும்போது கம்பெனி பஸ்ஸிலேயே எனக்கு வலிப்பு வந்துவிட்டது. அளவு மீறிப் போட்டிருந்தேன். சானமாவுக் காட்டை ஒட்டிப் போய்க்கொண்டிருந்த நேரம். யானை இறங்கியிருக்கிறது என்று டிரைவர் வண்டியை நிறுத்தவில்லையாம். ஓசூர் போய்ச் சேரும்வரை இரண்டு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் பையிலிருந்து மாத்திரை அட்டைகள் கீழே விழுந்திருந்தன. ஆஸ்பத்திரியில் நான் கண் விழிப்பதற்குள் ஹாஸ்டலில் என் பெட்டி கட்டி வெளியே வைக்கப்பட்டுவிட்டது.

ஊரில் எங்கள் பெரியப்பா தினமும் குடிப்பவர். கல்யாணம், காரியம் என்றால் முன்வரிசையில் அவருக்கு நாற்காலி உண்டு. குடித்துவிட்டு விழுந்தால் தூக்கிக் கொண்டுபோய்த் திண்ணையில் படுக்க வைக்க ஆள் உண்டு. "பாவம், மனசுல என்ன கஷ்டமோ" என்பார்கள். நான் ஊருக்குத் திரும்பி வந்தபோது அவரே வாசலில் நின்று சொன்னார்: "பொட்டப் புள்ள மாத்திர போடுதாம். நம்ம குடும்பத்துல இந்த மாதிரி கேவலம் உண்டா?" சொல்லும்போதே அவர் வாயிலிருந்து சாராய வாடை வந்தது. யாரும் சிரிக்கக்கூட இல்லை.

அம்மாதான் என்னைப் போதை மீட்பு சிகிச்சைக்குக் கூட்டிப்போனாள். ஆண்களுக்குப் பெரிய வார்டு இருந்தது. பெண்களுக்கென்று எதுவும் கிடையாது. பழைய சாமான்கள் போட்டு வைத்திருந்த ஓர் அறையை ஒழித்துக் கட்டில் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் தெலுங்கு பேசுகிற அக்கா ஒருத்தி. கல் குவாரியில் வேலை, குடிப்பழக்கம். குடியை நிறுத்தியதில் அவளுக்கு உடம்பே தூக்கிப் போட்டது. "நீள்ளு, நீள்ளு" என்று தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். மேசையில் உட்கார்ந்திருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "குடிக்கத் தெரிஞ்சவளுக்கு எந்திரிச்சு தண்ணி எடுக்கத் தெரியாதா?"

நான் எழுந்தேன். என் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. டம்ளரில் பாதி அவள் கழுத்தில் கொட்டியது, மீதி வாய்க்குள் போயிற்று. அவள் என் மணிக்கட்டை விடவே இல்லை. நான் அந்த நர்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை உடுப்பு, நெஞ்சில் குத்திய பேனா, எதிரில் யாரோ வாங்கி வைத்த காபி. இந்த வேலையை உன்னைவிட நான் நன்றாகச் செய்வேன் என்று நினைத்தேன். அழைப்பு வந்தது என்று போதகர் சொல்கிறாரே, எனக்கு வந்தது இதுதான்.

உடம்பு தேறி, மருந்தும் குழுக் கூட்டமும் பழகிப்போன பிறகு கிருஷ்ணகிரியில் ஒரு நர்சிங் பள்ளியில் இடம் கேட்டேன். மறைத்துப் பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று பிரின்சிபாலிடம் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து, "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றார். ஒரு வாரத்துக்குள் சமையல்கார அம்மா வரைக்கும் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு எந்த வார்டுக்குப் போனாலும் வலி ஊசி இருக்கிற அலமாரிப் பக்கம் என்னை விடமாட்டார்கள். அதைக்கூட நான் தப்பு சொல்லவில்லை. எனக்கே அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் என்னோடு படித்தவர்கள் நான் உள்ளே வந்ததும் தங்கள் பைகளை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள். அதற்கு என்ன காரணம் சொல்வது?

கடைசி வருடம் ஆண்கள் அறுவைசிகிச்சை வார்டில் டியூட்டி. ஒருநாள் காலையில் வலி ஊசி மருந்து ஒன்று காணவில்லை என்றார்கள். மேட்ரன் வந்தார். வேறு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"பையக் கொண்டா. கொட்டு."

"இங்கயா மேடம்? ரூமுக்குப் போயிடலாமே."

"இங்கதான். எனக்கு வேற வேல இல்லையா?"

வார்டு நடுவில், இரண்டு பக்கமும் ஆண்கள் படுத்திருக்க, மேசையில் என் பையைக் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா உருண்டது. சீப்பு, மாற்றுத் துணி, நாப்கின் பாக்கெட். அந்தப் பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். சட்டைக் கையை மேலே தூக்கச் சொல்லி என் கைநரம்பைத் தடவினார். நான் ஒருநாளும் ஊசி போட்டுக்கொண்டதில்லை, மாத்திரைதான். அதைச் சொன்னால் அதற்கும் ஒரு பார்வை கிடைக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானம் தியேட்டரிலிருந்து போன் வந்தது. காலையில் ஹெர்னியா ஆபரேஷனுக்குப் போன நோயாளியோடு அனுப்பிய டிரேயிலேயே அந்த மருந்து பத்திரமாக இருந்ததாம். அனுப்பியவர் சொல்ல மறந்துவிட்டார். மேட்ரன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உன் நல்லதுக்குத்தான் பாத்தேன்."

"கிடைச்சிருச்சுன்னு வார்டுல வந்து சொல்லுங்க மேடம். பையக் கொட்டுனது அங்கதான?"

"நீ ஸ்டூடண்ட். அத ஞாபகம் வெச்சுக்க. உனக்கெல்லாம் இந்தப் படிப்புக் கிடைச்சதே பெருசு."

நான் வெளியே வந்தேன். வார்டு நடுவில், அதே மேசைக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன்: "காலையில காணோம்னு சொன்ன மருந்து தியேட்டர்ல இருந்துச்சு. நான் எடுக்கல." அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன். ஓரக் கட்டிலில், காலில் கட்டோடு கிடந்த ஆனேக்கல்காரர் மட்டும் கன்னடத்தில், "கொத்து கணம்மா. ஹோகு, ஊட்டா மாடு" என்றார். தெரியும்மா, போய்ச் சாப்பிடு என்று. காலையில் உருண்டுபோன டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன்.

மரியாதைக் குறைவாக நடந்துகொண்டேன் என்று பிரின்சிபாலுக்குப் புகார் போயிற்று. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்க மாட்டேன் என்றேன். அந்த வார்டிலிருந்து என்னை மாற்றினார்கள், அவ்வளவுதான். பரீட்சை எழுதினேன், பாஸானேன், ஓசூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது.

அந்த வருடம் அம்மா குருபரப்பள்ளியில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு பைக் இடித்துவிட்டது. தோள்பட்டை எலும்பில் முறிவு. லீவு போட்டு ஊருக்குப் போனேன். கையைக் கழுத்தோடு துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அம்மா அடிக்கடி பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ப் போய் வந்தாள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வலியில் முகம் வெளுத்திருந்தது. என்ன என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை அங்கே கொடுத்து வைத்திருக்கிறாள். நான் வந்திருக்கிறேன் என்பதால்.

"நான் நர்சும்மா. தினமும் எத்தன பேருக்கு மருந்து குடுக்கறேன் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம்?"

"எனக்குப் பயமா இருக்குது பாப்பா. என்னைய என்னாத்தப் பண்ணச் சொல்ற?"

நான் விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குப் போய் மாத்திரையைக் கேட்டேன். "அம்மா வந்தாத்தான் குடுப்பேன்" என்றாள் அந்த அக்கா, கதவை முழுக்கத் திறக்காமல். நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அம்மா பின்னாலேயே ஓடி வந்து, "குடுத்துரு, அவகிட்டயே குடுத்துரு" என்றாள்.

அட்டை என் கைக்கு வந்தது. அந்த நொடியில் என் உள்ளங்கை வியர்த்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். வார்டில் ஒருநாளும் அப்படி ஆனதில்லை. அங்கே கூட ஆள் இருக்கும், உடுப்பு இருக்கும், அலமாரிச் சாவி வேறொருவரிடம் இருக்கும். இங்கே அம்மா வீடு, நான், வெள்ளிப் பளபளப்பில் அந்த அட்டை. உடம்பு எதையும் மறக்கவில்லை. அந்த உடம்பின் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

ஒரு மாத்திரையைப் பிய்த்து அம்மாவிடம் கொடுத்தேன். மீதி அட்டையை அந்த அக்காவிடமே நீட்டினேன். "நீங்களே வெச்சிருங்கக்கா. நான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

வீட்டுக்குள் வந்ததும் அம்மா கேட்டாள்: "இதத்தான நானும் பண்ணேன்? அப்பறம் என்னாத்துக்குடி தெருவுல நின்னு இவ்ளோ சண்ட?"

"என்னயக் கேட்டிருக்கலாம்ல? ஒளிச்சு வெக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருந்தா, நானே கொண்டுபோய்க் குடுத்திருப்பேன்ல?"

அம்மா நல்ல கைப்பக்கம் சாய்ந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் எனக்கு டியூட்டி இருந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்க ரோட்டுக்கு நடந்தேன். ஊத்தங்கரை தாண்டுகிற வரைக்கும் கோபம் இறங்கவில்லை.