முதல் கிண்ணம்

யுத்த காலத்தில் பரமத்தி வேலூர்ச் சந்தையில் ஒரு பர்மாக்காரியைக் கண்டேன். கன்னத்தில் சந்தனம்போல் ஒரு பூச்சு. வாயில் தடித்த சுருட்டு. நாங்கள் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துத் தின்னும் சந்தகை இடியாப்பத்தின்மேல், அவள் வாழைத்தண்டு போட்ட மீன்குழம்பை ஊற்றினாள்! ஆனாலும் வாசனை இழுக்க, கை நீட்டினேன்.

"இருங்க சாமி. மொதக் கிண்ணம் மூத்தவங்களுக்கு. எங்க பர்மா வழக்கமுங்க" என்றாள், எங்கள் ஊர்த் தமிழிலேயே.

பக்கத்தில் சந்தகை பிழிந்துகொண்டிருந்த வெள்ளைச்சேலை அம்மாளிடம் அதைக் கொடுத்துவிட்டு, எனக்கு இன்னொன்று நீட்டினாள்.

"மாமியாருங்களா?" என்றேன்.

"இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரோட மொதப் பொஞ்சாதி. குண்டுக்குப் பயந்து ரங்கூன்ல இருந்து நடந்து வரயில அவரு காட்டுலயே போயிட்டாருங்க. இப்படி இன்னொருத்தி இருக்கறது நான் இங்க வந்து சேர்ற வரைக்கும் எங்க ரெண்டு பேருக்குமே தெரியாதுங்க."

அந்த அம்மாள் நிமிரவேயில்லை. "வந்தவரச் சாப்பிடச் சொல்லு புள்ள, ஆறுது" என்றாள்.

சாப்பிட்டேன். உப்பு இருந்ததா, உறைப்பு இருந்ததா, இன்றுவரை நினைவில்லை.