உரித்த ஸ்டிக்கர்கள்

ஜெர்மனியின் வுப்பர்டால் ரயில் நிலையம். விமான நிலையத்துக்குப் போகும் என் ரயில் வரப்போகிறது. கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் கண் கிளினிக்குக்காக இங்குள்ள தமிழர்கள் சேர்த்த பழைய மூக்குக்கண்ணாடிகளைச் சாந்தி அக்கா பெட்டியில் கொண்டுவந்திருக்கிறார். திறக்கிறேன். எல்லாம் பளபளக்கின்றன.

“அக்கா, கடையிலை அளந்து ஒட்டின பவர் ஸ்டிக்கர் எங்கை?”

“சுடுதண்ணியிலை ஊறவைச்சு உரிச்சிட்டம். ஊர்ச்சனத்துக்கு அழுக்காய்க் குடுக்கேலுமே?”

சனிக்கிழமை இலவசக் கண் பரிசோதனை. கிளினிக்கில் கண்ணாடிகளின் பவர் அளக்கும் கருவி பழுது. ஒரு கண்ணாடியைப் பெயர்ப்பலகைக்கு முன் பிடித்து அசைக்கிறேன். எழுத்து எதிர்ப்பக்கம் நகர்ந்தால் பிளஸ், அதே பக்கம் நகர்ந்தால் மைனஸ் என்று அக்காவுக்குக் காட்டுகிறேன். பிளஸ் கண்ணாடிகளைப் பிரித்துவிட்டால், வயதானவர்களுக்கு வாசிக்கவாவது போட்டுப்பார்த்துக் கொடுக்கலாம்.

“எயார்போட் வரைக்கும் நானும் வாறன். ரெண்டு பேராய்ப் பிரிப்பம்,” என்று அக்கா எனக்கு முன்னால் ரயிலில் ஏறுகிறார். உட்கார்ந்ததும் ஒன்றை எடுத்து அசைக்கிறார்.

“இது பிளஸ்தானே, பிள்ளை?”

“இல்லை அக்கா, மைனஸ்.”