மாயாண்டி மாமா தப்பாக விரித்த சீட்டு

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் பழனிசெட்டிபட்டியில் மாடி வீடு கட்டினேன். சின்னமனூரில் தென்னந்தோப்பு வாங்கினேன். இரண்டு மகள்களையும் நர்ஸுக்குப் படிக்க வைத்தேன். எல்லாம் ரம்மி ஆடிச் சம்பாதித்தது. முப்பது வருஷமாக மனமகிழ் மன்றம்தான் என் ஆபீஸ். பி.எஃப். கிடையாது, பென்ஷன் கிடையாது, ஜெயித்தால்தான் சம்பளம்.

அன்று எதிரே மாயாண்டி மாமா. அவருக்கும் இதே பிழைப்புதான். "ரம்மி சேந்துருச்சு மாப்ளே" என்று சீட்டை விரித்தார். டைமன் வரிசைக்கு நடுவே ஓர் ஆர்ட்டின். தப்பான ஆட்டம்; பணம் மொத்தமும் எனக்கு.

"கண்ணை வீட்டுல வச்சுட்டு வந்துட்டீகளா?" என்று பக்கத்தில் ஒருவன் சிரித்தான்.

மாமா சீட்டை மூக்கருகே கொண்டுபோனார். "ரெண்டும் செவப்பாத்தானப்பா தெரியுது. ஆபரேசனுக்குக் காசு சேக்கத்தான் ஆட வந்தேன். வேற வருமானம் ஏது?"

எனக்கு முகமெல்லாம் சுட்டது. அவர் கண் மங்கியது ஒரு மாதமாக எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தினமும் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

சட்டென்று எழுந்தேன். "இனிமே ஜெயிக்கிறவுக ஆட்டத்துக்குப் பத்து ரூபா ஒரு டப்பால போடணும். ஆட முடியாதவுகளுக்கு அதுதான் பென்ஷன்" என்றேன். அன்று ஜெயித்தது முழுவதையும் நானே முதலில் போட்டேன். பிறகு ஆளாளுக்குப் போட்டி போட்டார்கள், மன்றமே திருவிழாவாகிவிட்டது!

ஆபரேசன் முடிந்து மாமா இப்போது தெளிவாகப் பார்க்கிறார். மூன்று பேர் மாதாமாதம் பணம் வாங்குகிறார்கள். ஆனால் மன்றத்துச் சுவரில் 'உறுப்பினர்கள் நிதி' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். மன்றத்தாரே, ஆரம்பித்தவன் நான், என் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். யாரிடம் எப்படி ஜெயித்த பணத்தில் ஆரம்பித்தேன் என்பதையும் வேண்டுமானால் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.