வெளியே வந்தவர்களையும் எண்ணியவர்

சென்ற சனிக்கிழமை பிற்பகல், திருப்பதி பேருந்து நிலையத்துக்கு அருகே நான் பாத்திரம் கழுவும் ஓட்டலில் இருந்தபோது போன் அடித்தது. திரையில் முனிரத்தினம் சார் பெயர். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, “வேலையிலதான் கீறேன் சார், எங்கியும் போவல” என்று அவர் கேட்பதற்கு முன்பே பதில் சொன்னேன். பேசியது அவருடைய துணைவியார் தனலட்சுமி அம்மா. “சாரு போயிட்டாருப்பா. மத்தியானம் துன்னுட்டுப் படுத்தவரு எழுந்திருக்கல” என்றார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. குழாயை மூடாமல் நின்றிருந்தேன் என்று முதலாளி பிறகு சத்தம் போட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சித்தூர்க்காரரான முனிரத்தினம் சார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரிடம் கைதியாக இருந்தவன். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை. என் ஊர் நகரி; விசைத்தறி ஓட்டினேன்; தமிழில் பத்தாவது வரை படித்தேன்; மூக்குக்கு மேல் கோபம் வந்து கை நீட்டியதில் ஓர் அடிதடி வழக்கு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

உள்ளே அவர் பெயரைச் சொன்னாலே எங்களுக்கு எரிச்சல் வரும். ஒளித்து வைத்த போன்களைக் கண்டுபிடிப்பதில் அவர் கில்லாடி. செருப்பின் அடியில், சுவர்ப் பொந்தில், இரட்டை அடித்தட்டு வைத்த வாளியில் என்று எங்கே வைத்தாலும் எடுத்துவிடுவார். வாளி என்னுடையது. “யாருகிட்டடா பேசின?” என்று கேட்டார். “அண்ணன் வூட்டுக்குப் போட்டேன், யாரும் எடுக்கல சார்” என்றேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, எந்தச் சலுகையும் காட்டாமல் போனைப் பறிமுதல் செய்து மேலே எழுதி அனுப்பிவிட்டார். கடமையில் அவர் அப்படித்தான். நான் அவரை மனதாரச் சபித்தேன், இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எட்டு மாதம் உள்ளே கழிந்த பிறகு ஜாமீன் கிடைத்தது. ஞாயிறுதோறும் பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் திருப்பதியில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் ஜாமீன் ரத்தாகும், மறுபடி உள்ளே. அண்ணன் வீட்டில் கதவைத் திறக்கவில்லை. திருப்பதியில் ஒரு வசதி உண்டு; வீடில்லாதவனும் பக்தனும் ஒரே மாதிரிதான் தரையில் படுத்திருப்பார்கள், யாரும் கேள்வி கேட்பதில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே நானும் பக்தனாகப் படுத்துக்கிடந்தேன்.

ஒரு நாள் காலையில் யாரோ என் போர்வையை இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால், ஓய்வு பெற்றுக் காக்கியைக் கழற்றியிருந்த முனிரத்தினம் சார். நான் பயத்தில் எழுந்து நின்று கை கட்டினேன். அவர் சிரித்தபடி பையிலிருந்து, மூலையில் கீறல் விழுந்த ஒரு ஸ்மார்ட்போனை எடுத்தார். “இத்தினி வருஷமா உங்ககிட்டப் புடுங்கினேன் இல்ல? இப்போ திருப்பிக் குடுத்துக்கினு வரேன். வாங்கிக்கடா” என்றார்.

உறவினர் யார் புது போன் வாங்கினாலும் பழையதை அவர் விடமாட்டாராம். அப்படி வாங்கியவற்றைச் சரிபார்த்து, விடுதலையாகி வந்து போக்கிடம் இல்லாமல் தெருவில் கிடப்பவர்களைத் தேடிப் போய்க் கொடுத்தார். கோர்ட் வாய்தா, கையெழுத்து நாள், மாத்திரை வேளை எல்லாவற்றுக்கும் அலாரம் வைத்துத் தருவார். படிக்கத் தெரியாதவருக்கு அலாரத்தோடு படம் வரும். கோர்ட் வாசல், காவல் நிலைய வாசல், மாத்திரை அட்டை. தினமும் காலை ஆறு மணிக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எங்கே இருக்கிறோம், சாப்பிட்டோமா என்று கேட்பார். கிட்டப்பா என்ற எங்கள் கூட்டாளி போனை விற்றுக் குடித்துவிட்டான். சார் அவனுக்கு வேறு போன் கொடுத்தார். அதையும் விற்றான். மூன்றாவதையும் கொடுத்தபோது எனக்கே பொறுக்கவில்லை. “ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தறீங்க சார்” என்றேன். “உள்ள இருக்கறப்போ காலையும் சாயங்காலமும் உங்களை நான் எண்ணினேன். ஒரு தலை குறைஞ்சா ஜெயிலே அல்லோலகல்லோலப்படும். வெளிய வந்த பிறகு உங்களை யாருடா எண்றாங்க?” என்றார். கிட்டப்பா மூன்றாவது போனை விற்கவில்லை.

என்னால் அவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். எண்கள் என் மனதில் நிற்காது என்பதால் முகத்தைக் காட்டினால் திறக்கும்படி என் போனுக்குப் பூட்டு வைத்துக் கொடுத்தார். அப்போது எனக்கு மார்பு வரை தாடி. வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்ததால் ஒரு முறை திருமலைக்கு ஏறி, முடி, மீசை, தாடி எல்லாவற்றையும் பெருமாளுக்குக் கொடுத்துவிட்டேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு போனைப் பார்த்தால், அதற்கு என்னைத் தெரியவில்லை. பத்து முறை காட்டினேன். எண்ணைக் கேட்டது, வாய்க்கு வந்ததை எல்லாம் போட்டேன். கெட்டுப்போய்விட்டது என்று அணைத்துப் பையில் போட்டுவிட்டு, மலையிலேயே அன்னதானச் சாப்பாட்டில் இருந்துவிட்டேன். கிழமை தெரியாமல் கீழே இறங்கியது ஞாயிற்றுக்கிழமை பகலில்.

இரண்டு நாளாக நான் போனை எடுக்கவில்லை என்றதும் சார் சித்தூரிலிருந்து பேருந்து பிடித்து வந்து, ரயில் நிலையத்துக்கு எதிரே ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். தாடியைத் தேடிக்கொண்டு என்னையே இரண்டு முறை கடந்து போனார்! “சார், மொட்டை அடிச்சதும் போனுக்கு என்னைத் தெரியல” என்று நான்தான் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் திகைத்தார். “போனை இன்னாத்துக்குடா குத்தம் சொல்றது, எனக்கே தெரியலையே” என்றவர், அடுத்த மூச்சில் என் முதுகில் ஓர் அறை விட்டு ஆட்டோவில் தள்ளினார். நிலையத்தில் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. காவலர் பதிவேட்டில் இருந்த என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “கட்டம் ஏதய்யா?” என்று தெலுங்கில் தாடி எங்கே எனக் கேட்டார். சார் முன்னால் வந்து, “இவன் தசரதன்தான். எட்டு மாசம் நான் எண்ணின தலை. எனக்குத் தெரியாதா?” என்றார். சற்று முன் தெரியாமல் போனவர் பேசும் பேச்சு அது!

சார் போன செய்தி வந்த மறுநாள் ஞாயிறு. முதல் பேருந்தில், சாரிடம் போன் வாங்கிய நாங்கள் ஒன்பது பேர் சித்தூருக்குப் போனோம். கூடத்தில் சார் தூங்குவது போலவே கிடத்தப்பட்டிருந்தார். அழுதேன். சவ ஊர்வலம் பதினோரு மணிக்கு என்றார்கள். தனலட்சுமி அம்மா அத்தனை அழுகைக்கு நடுவிலும் என்னைப் பார்த்துவிட்டார். “இன்னிக்கு உனக்குக் கையெழுத்து இல்லியா?” என்றார்.

“ஒரு வாரம் போனா போவட்டும்மா. தோள் குடுக்காம எப்படிப் போவேன்?”

“நீ உள்ள போறதுக்கா இவரு தெருத்தெருவா சுத்தினாரு? தோள் குடுக்க ஆளு கீறாங்க. எழுந்து போடா.”

அந்த வீட்டில் அவ்வளவு பேர் இருக்க, சாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திருடனைப் போல வெளியேறினேன். திருப்பதி பேருந்தில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. பாதி வழியில் கிட்டப்பா வீடியோவில் கூப்பிட்டான். வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். மாலைகளுக்கு நடுவே சாரின் நெற்றி தெரிந்தது. கம்பியை விட்டுவிட்டு ஒரு கையால் மார்பைத் தொட்டுக் கும்பிட்டேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி திரையைப் பார்த்துவிட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். சிதைக்குத் தீ வைக்கும் முன்பே சிக்னல் போய்விட்டது.

காவல் நிலையத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. நோட்டில் என் பெயர் இருந்த இடத்தைக் காவலர் விரலால் காட்டினார். கண்ணீரில் வரி தெரியவில்லை, துடைத்துக்கொண்டு நிதானமாக எழுதினேன்.

சார், கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.