இடது சிறகு இல்லாத வண்ணத்துப்பூச்சிகள்

முதலில் காணாமல் போனது எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் இடது சிறகு. அது காணாமல் போனதே எனக்குத் தெரியவில்லை. இந்த நோயின் கோளாறே அதுதான். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு, கடைசியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

பங்குனி மாதம். குற்றாலத்தில் அருவி வற்றி, பாறை மட்டும் மொட்டையாக நிற்கும் நாட்கள். குளிக்க வருகிற கூட்டம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. வண்ணத்துப்பூச்சிப் பைத்தியங்களுக்கு அதுதான் சீசன். ஓடை சுருங்கி அங்கங்கே ஈர மணல் மிஞ்சியிருக்கும். பூச்சிகள் கூட்டமாக அதில் வந்து உட்காரும். நான் விருப்ப ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். தென்காசியில் இருந்து ஸ்கூட்டரில் போய் இறங்கி, மணலில் குப்புறப் படுத்துப் படம் எடுப்பேன். தனியாகத்தான் போவேன். வீடு, பள்ளிக்கூடம், சொந்தபந்தம் என்று வாழ்நாள் முழுக்க யாராவது கூடவே இருந்தார்கள். அந்த ஓடைக்கரையில் மட்டும்தான் யாரும் இல்லாமல் இருந்திருக்கிறேன்.

அன்று லேசான தலைவலி. இடது கை மரத்தது போலிருந்தது. படுத்திருந்த விதம்தான் காரணம் என்று உதறிவிட்டு, ஈர மணலில் சிறகை விரித்திருந்த எலுமிச்சை அழகியை ஆசை தீர எடுத்தேன். வீட்டுக்கு வந்து எங்கள் வாட்சப் குழுவில் போட்டேன். குழுவில் இருக்கும் செங்கோட்டைக்காரப் பெண் ஒருத்தி, "அக்கா, பாவம், ஒரு செறகு ஒடிஞ்சி போச்சா?" என்று கேட்டிருந்தாள்.

படத்தை மறுபடி பார்த்தேன். முழுதாகத்தான் இருந்தது. அப்படியே பதில் எழுதினேன்.

அடுத்தடுத்துப் போட்ட படங்களுக்கும் அதே பேச்சு. "எல்லாத்துலயும் எடப்பக்கத்த வெட்டிப் போடுதிய, புது ஸ்டைலா அக்கா?" என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. கண்ணு தெரியலன்னா டாக்டரப் போய்ப் பாரு என்று அவளுக்கு எழுதினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது அந்தப் பெண்ணுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று உண்மையாகவே நம்பினேன்.

வீட்டிலும் குழப்பம். வாசல் நிலை வந்து தோளில் இடித்தது. மூக்குக்கண்ணாடி வைத்த இடத்தில் இல்லை. என் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வேண்டுமென்றே ஒளித்துவைக்கிறார் என்று சண்டை பிடித்தேன். அவர் என் தலையைப் பார்த்து, "ஏட்டி, கண்ணாடி பாத்துத்தான் சீவுதியா? ஒரு பக்கம் காக்கா கூடு மாதிரி நிக்குது" என்றார். வழக்கமான கிண்டல் என்று விட்டுவிட்டேன்.

உண்மை உடைந்தது ஒரு பந்தியில். கடையத்தில் என் வீட்டுக்காரரின் தங்கை மகளுக்கு வளைகாப்பு. நுனி இடப்பக்கம் வருமாறு இலை போட்டிருந்தார்கள். ஊறுகாய், இஞ்சிப் பச்சடி, அப்பளம் எல்லாம் அந்த நுனிப் பக்கம்தான் விழும் என்பது தெரியாதவர்கள் உண்டா? ஆனால் எனக்கு எதுவும் விழவில்லை. பக்கத்து இலையில் எல்லாம் இருந்தது. "எனக்கு அப்பளம் வைக்கலியே" என்றேன். பரிமாறியவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒன்று வைத்தார். அதையும் காணவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி வைத்தார். மறுபடியும் இல்லை.

வீட்டுக்காரரின் தங்கையே வந்துவிட்டாள். "என்ன மதினி, எலையில மூணு அப்பளம் கெடக்கு. இன்னும் வேணுமா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஒண்ணுகூட வைக்காம என்னையக் கேலியா பண்ணுதிய?" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். விசேஷ வீட்டில் செய்யக் கூடாத காரியம். அவள் முகம் செத்துப்போனது.

வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு என் இலையைப் பிடித்து மெல்லச் சுற்றி, நுனியை வலப்பக்கம் திருப்பினார். துக்க வீட்டில்தான் அப்படிப் போடுவார்கள்; வளைகாப்பு வீட்டில் அப்படி இலை போடவே மாட்டார்கள். பந்தியே திரும்பிப் பார்த்தது.

மூன்று அப்பளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஊறுகாய் இருந்தது. பச்சடி இருந்தது. ஆனால் இவ்வளவு நேரம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றைக் காணவில்லை.

எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். "எந்திரிட்டி, போவம்" என்று அவர் என்னை எழுப்பினார்.

தென்காசியில் பார்த்த மருத்துவர் உடனே திருநெல்வேலிக்கு அனுப்பினார். அங்கே எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடலின் உள்பகுதியைப் படமெடுக்கும் சோதனை) எடுத்தார்கள். நரம்பியல் மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து, பிடித்ததை வரையச் சொன்னார். வேறென்ன வரைவேன்? வண்ணத்துப்பூச்சிதான்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார்.

"முடிஞ்சுது." நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

என் வீட்டுக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். உடம்பையும் வலப்பக்கச் சிறகையும் தவிர நான் ஒரு கோடு கூடப் போடவில்லை என்பதைப் பின்னால் அவர்தான் சொன்னார்.

எனக்கு வந்தது பக்கவாதம் (மூளைக்குச் செல்லும் ரத்தம் தடைபடுவதால் வரும் பாதிப்பு). கை கால் இழுத்துக்கொள்ளாமலும் அது வருமாம். மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு. அதனால் வந்தது ஒருபக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும், ஒரு பக்கத்தை மூளை கணக்கில் எடுக்காத நிலை).

"அப்படின்னா எனக்கு அந்தப் பக்கம் இருட்டாத் தெரியணுமே டாக்டர்?" கணக்கு டீச்சர் புத்தி போகுமா?

"இருட்டாத் தெரிஞ்சா அங்க ஏதோ இருக்குன்னு உங்களுக்குத் தோணும்மா. உங்களுக்கு அப்படி ஒரு பக்கம் இருக்குன்னே தோணாது."

எத்தனை முறை யோசித்தும் இது எனக்குப் பிடிபடவில்லை. இன்றும் முழுதாகப் பிடிபடவில்லை. இல்லாததைத் தேடலாம். இல்லை என்பதே தெரியாவிட்டால் எதைத் தேடுவது?

கை மரத்த அன்றைக்கே ஓடி வந்திருந்தால், அடைப்பைக் கரைக்கும் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றார் மருத்துவர். சில மணி நேரம்தான் அதற்கு அவகாசமாம். படிக்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள். திடீரென்று கை மரத்துப்போனால் அதை உதறிவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக அவர் சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது. "ஸ்கூட்டரைத் தொடக் கூடாது. ஓடைப் பக்கம் தனியாப் போகவே கூடாது."

"எப்ப வரைக்கும்?"

"இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா."

உயிர் பிழைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ அந்த ஓடைக்கரை போய்விட்டதே என்றுதான் அழுகை வந்தது. எப்படியாவது மறுபடி தனியாகப் போக வேண்டும். அந்த ஒரே எண்ணத்தோடுதான் பயிற்சிக்குப் போனேன்.

இயன்முறை மருத்துவம் (உடற்பயிற்சிகளால் உறுப்புகளைப் பழக்கும் சிகிச்சை) அளித்தவர் வீட்டில் எல்லாவற்றின் இடது ஓரத்திலும் சிவப்பு நாடா ஒட்டச் சொன்னார். தட்டு, கதவு, கண்ணாடி, கேமராவின் பின்பக்கத் திரை, எல்லாவற்றிலும் சிவப்பு. சிவப்பு தெரிகிறவரை தலையை இடப்பக்கம் திருப்ப வேண்டும். கேட்க எளிது. போதுமான அளவு திருப்பிவிட்டேன் என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துச் சொல்லும். மனம் சொல்வதை நம்பாமல் இன்னும் திருப்ப வேண்டும். என் மனதையே நான் நம்பக் கூடாது என்று பழகுவது பெரிய அவமானமாக இருந்தது. சில நாட்கள் நாடாவைப் பிய்த்து எறிந்தேன். என் வீட்டுக்காரர் மறுபடி ஒட்டினார்.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் ஆள் நடிக்கவில்லை. பொய் சொல்லவில்லை. அவர்களுடைய உலகம் அந்த அளவோடு முடிந்துவிட்டது.

மறு வருஷம் பங்குனியில், மருத்துவரின் அனுமதியோடு என் வீட்டுக்காரர் பைக்கில் கூட்டிப்போனார். ஓடைக்கரையில் வாயைத் திறக்கக் கூடாது, எனக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இதில் தேறிவிட்டால் தனியாகப் போவதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம் என்பது என் கணக்கு.

ஈர மணலில் ஒரு கறிவேப்பிலை அழகி சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. சுருட்டிய துண்டின் மேல் கேமராவை வைத்துக் குப்புறப் படுத்தேன். தலையை இடப்பக்கம் திருப்பினேன். இன்னும் திருப்பினேன். சிவப்பு தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் இடது சிறகின் நுனி இருந்தது. எடுத்தேன். இரண்டு சிறகும் இருந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தில் தலையை அப்படியே மேலும் திருப்பிக்கொண்டே போனேன்.

மணல். ஒரு கல். அதற்கு அந்தப் பக்கம் ஒரு கை.

மணலில் உள்ளங்கை கவிழ்ந்து கிடந்தது. வியர்த்திருந்தது. அதன் மேல் பழுப்பும் ஆரஞ்சுமாக ஒரு சின்னப் பூச்சி உட்கார்ந்து, குழலை நீட்டி வியர்வையின் உப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தது. யாரோ எனக்குப் பக்கத்தில் வந்து படுத்திருக்கிறார்கள். எவ்வளவு கொடுத்துவைத்த ஆள்! பொறாமையாக இருந்தது. கோபமும் வந்தது.

"ஏங்க, யாரு இது?" என்றேன் ரகசியமாக.

பின்னாலிருந்து அவர் எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, அது ஒன் கைதான்."

அந்தக் கைக்கு வலு குறைந்துவிடவில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அது இருக்கிற நினைப்புதான் எனக்கு வருவதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் கிடந்த வளையல் என்னுடையதுதான். ஆனால் தோலில் ஒரு குறுகுறுப்பும் தெரியவில்லை.

"எப்ப வந்துச்சு?"

"நீ படுத்தவுடனே வந்துட்டு. போகவே இல்ல."

அவ்வளவு நேரம் என் உடம்பில் நடந்தது என்னிடம் இல்லை. அவரிடம்தான் இருந்தது. தனியாக வந்திருந்தால் அது நடந்ததாகவே இருந்திருக்காது. எனக்கு அழுகை வந்தது. குலுங்கினால் பறந்துவிடும் என்று அதையும் அடக்கிக்கொண்டேன். தலையை அந்தப் பக்கமே வைத்திருக்க முடியவில்லை. கழுத்து தானாக வலப்பக்கம் திரும்பியது. கை மறைந்தது. பூச்சியும் மறைந்தது.

"பக்கத்துல வாங்க" என்றேன். "இப்ப என்ன செய்யுதுன்னு சொல்லுங்க."

அவர் என் இடப்பக்கத்தில், நான் பார்க்காத இடத்தில் வந்து படுத்துக்கொண்டார்.

"குடிக்குது" என்றார். "இன்னும் குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு."